பட்டரில் தொடங்குங்கள், டிரைவர் காத்திருக்கட்டும்

முதுகு வலியால் கோல்ஃபை நிறுத்திவிட்டு மறுபடி ஆட நினைக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வாசகர்களின் கேள்விகள் இவை. உடம்பைப் பற்றியவற்றுக்கு இயன்முறை மருத்துவரும், ஆட்டத்தைப் பற்றியவற்றுக்குக் கோல்ஃப் பயிற்சியாளரும் பதில் தந்திருக்கிறார்கள். பட்டர் என்பது பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப் (கோல்ஃப் மட்டை); டிரைவர், அதிகத் தூரம் அடிக்கும் கிளப். எல்லாம் வலக்கைக்காரர்களை வைத்துச் சொன்னவை. இடக்கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

வயது 52. கீழ்முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கி வலது கால் வரை இழுத்ததால் ஆறு வருடமாக ஆடவில்லை. ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிட்டது. ஒரு வருடமாக வலி இல்லை, டாக்டரும் ஆடலாம் என்கிறார். பந்து அடித்துப் பழகும் ரேஞ்சுக்குப் போய் ஒரு கூடை பந்து அடித்துப் பார்க்கட்டுமா?
– வாசகர், ஓசூர்

கூடை வேண்டாம். திரும்பி வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்த முதல் கூடையில்தான். 18 குழி ஆடினாலும் முழு வீச்சு 40, 50 தடவைதான் வரும். அதுவும் நான்கு மணி நேரத்தில், நடுநடுவே நடந்து. ரேஞ்சில் அதைப்போல் இரண்டு மடங்கை முக்கால் மணியில் அடித்து முடித்துவிடுகிறோம். அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் பல் தேய்க்கக் குனியும்போது தெரியும்.

கிளப்பைத் தொடும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். 45 நிமிடம் தொடர்ந்து நடக்க முடிகிறதா? பட்டிங் செய்வதுபோல் குனிந்து இரண்டு நிமிடம் நிற்க முடிகிறதா? ஒற்றைக் காலில் பத்து விநாடி தாக்குப்பிடிக்கிறீர்களா? நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு இரு பக்கமும் திரும்பும்போது வலி இல்லையா? நான்கும் சரியென்றால் தொடங்கலாம்.

தொடங்குவது குழிப் பக்கத்திலிருந்து. முதல் இரண்டு வாரம் பட்டிங்கும், கிரீனை (குழி இருக்கும் குட்டைப் புல்தரை) சுற்றி சிப்பிங் என்ற சின்ன அடியும் மட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், அரைமணி நேரம். மூன்றாம் நான்காம் வாரம் பிட்சிங் வெட்ஜால் (பந்தை உயரத் தூக்கும் கிளப்) அரை வீச்சு, ஒரு நாளைக்கு 25 பந்து, வாரம் மூன்று நாள். ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் அரை நிமிடம் நிமிர்ந்து நில்லுங்கள்; பந்துக் கூடையைக் காலடியில் வைக்காமல் நாலு எட்டு தள்ளி வைத்தால் அந்த இடைவெளி தானாகக் கிடைக்கும். ஐந்தாம் ஆறாம் வாரம் 9, 7 எண் அயர்ன் (இரும்புத் தலைக் கிளப்), முக்கால் வீச்சு, 35 பந்துக்கு மேல் வேண்டாம். ஏழாம் எட்டாம் வாரம் ஹைப்ரிட் (நீள அயர்னுக்குப் பதிலான கிளப்), கடைசியில் டிரைவர் பத்தே பந்து. அதற்குப் பிறகு முன்னால் உள்ள டீயிலிருந்து (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்) 9 குழி. வலி இல்லாமல் மூன்று தடவை 9 குழி முடித்த பிறகே 18.

பத்துக்கு இரண்டு மூன்று மதிப்பெண் அளவு வலி, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் பரவாயில்லை. அடங்காவிட்டால் ஒரு படி கீழே இறங்கி ஒரு வாரம் ஆடுங்கள். வலி காலுக்கு இறங்கினால் அன்றைக்கே நிறுத்தவேண்டும். ‘இன்னும் நாலு பந்து’ என்ற பேச்சே கூடாது.

50 கிராம்கூட இல்லாத பந்து. அதை அடிப்பதில் முதுகு ஏன் கெடுகிறது? ஸ்விங்கில் எதை மாற்றவேண்டும்?
– வாசகர், கிருஷ்ணகிரி

பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. முதுகைக் கெடுப்பது அதன் எடை இல்லை, அதை அடிக்க உடம்பு முறுக்கிச் சுழலும் வேகம். பந்தில் கிளப் படும் நேரத்தில் கீழ்முதுகின் மேல் விழும் அமுக்கம் உடல் எடையைப்போல் எட்டு மடங்கு வரை போவதாக அளந்திருக்கிறார்கள். ஆனால் கீழ்முதுகு திரும்புவதற்கென்று அமைந்த இடமே அல்ல. அங்குள்ள ஐந்து எலும்புகளும் சேர்ந்து ஒரு பக்கத்துக்குப் பத்து டிகிரி சொச்சம்தான் திரும்பும். திரும்பவேண்டியவை மேலே விலா எலும்புகள் சேர்ந்திருக்கும் மேல்முதுகும், கீழே தொடை வந்து சேரும் இடுப்பு மூட்டுகளும். அவை இரண்டும் இறுகிப்போனால் நடுவில் இருப்பது அவற்றின் வேலையையும் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்கிறது. பத்து வருடம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவருக்கு இறுகுவதும் சரியாக இந்த இரண்டு இடங்கள்தான்.

இடுப்பு மூட்டை வீட்டிலேயே சோதிக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். துண்டு நழுவாமல் இடது பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாகத் தூக்குங்கள், அடுத்து வலது. 35, 40 டிகிரி போனால் நல்லது. இடது பக்கம் 20 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் உங்கள் பிரச்சினை பாதி அங்கேதான் இருக்கிறது. முதுகு வலியுள்ள கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் அடிக்கடி காணப்படும் குறை அது. பந்தை அடித்த பின் வீச்சு தொடரும் ஃபாலோ த்ரூவில் முழு உடம்பும் இடது இடுப்பு மூட்டின் மேல்தான் திரும்பி முடிகிறது.

அதனால் முதல் மாற்றம் பாதத்தில். இடது பாதத்தை நேராக வைக்காமல் இலக்குப் பக்கம் 25, 30 டிகிரி திருப்பி வையுங்கள், வலது பாதத்தையும் கொஞ்சம் வெளியே. இரண்டாவது, கிளப்பைப் பின்னால் தூக்கும் பேக்ஸ்விங்கில் இடது குதிகால் தரையைவிட்டு எழும்ப விடுங்கள். பழைய காலத்து ஆட்டக்காரர்கள் அப்படித்தான் ஆடினார்கள். இடுப்பை அசைக்காமல் தோளை மட்டும் 90 டிகிரி திருப்பும் பாணி பின்னால் வந்தது. இருபது வயசுக்காரருக்கு அது தூரம் தரும், ஐம்பதைத் தாண்டியவருக்கு எம்ஆர்ஐ தரும். மூன்றாவது, கைகள் தோள் உயரம் போனதும் நிறுத்திக்கொள்ளுங்கள். நான்காவது, முடிக்கும்போது முதுகைப் பின்னால் வளைத்து வில்லாக நிற்காமல், எடை முழுவதும் இடது காலில் ஏற, நேராக நிமிர்ந்து நில்லுங்கள். சில கஜம் தூரம் குறையும். குறையட்டும். நான்கையும் ஒரே நாளில் செய்யாமல் வாரத்துக்கு ஒன்றாகச் சேருங்கள்.

வலி எப்போது வருகிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். பந்தின் முன் நிற்கும்போதே வலித்தால், இடுப்பு மூட்டில் மடங்காமல் முதுகைக் கூன் போடுகிறீர்கள்; அல்லது பின்புறத்தைத் தூக்கி முதுகை அளவுக்கு மீறிக் குழிக்கிறீர்கள். கீழே வீசி வரும்போது வலது பக்கம் சுருக்கென்றால், வலப்பக்கம் அதிகம் சரிகிறீர்கள். பந்து கொஞ்சம் தள்ளி இருப்பதும் இதற்குக் காரணமாகும். முடிக்கும்போது வலித்தால் அந்த வில் வளைவு. ஆடும்போது ஒன்றும் இல்லாமல் மறுநாள் வலித்தால் ஸ்விங்கைக் குறை சொல்லாதீர்கள், பந்துகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

தர்மபுரியிலிருந்து விடியற்காலை கிளம்பி பெங்களூரு போய் காலை 7 மணிக்கு ஆடுவோம். முதல் மூன்று குழியிலேயே பிடித்துக்கொள்கிறது. ஏன்?
– வாசகர், தர்மபுரி

மூன்று காரணம் ஒன்றாகச் சேருகிறது. இரவு படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதுதான் அதற்கு அதிகச் சுமை. அதன்மேல் 130 கிலோமீட்டர் காரில் உட்கார்ந்து போகிறீர்கள். போய் இறங்கியதும் 12 கிலோ எடையுள்ள பையை டிக்கியிலிருந்து குனிந்து, திருகி, ஒரே இழுப்பில் தூக்குகிறீர்கள். முதல் டீக்குப் போகும் முன்பே முதுகுக்கு ஒரு ரவுண்டு முடிந்துவிட்டது.

கிருஷ்ணகிரியில் ஒரு தடவை, ஓசூரில் ஒரு தடவை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். இருக்கையைச் சற்றே பின்னால் சாய்த்து, பெல்ட் கட்டும் உயரத்தில் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி வையுங்கள். பின் பாக்கெட்டில் பர்ஸ் இருக்கக்கூடாது. பையை முதலில் டிக்கி விளிம்பில் நிறுத்தி, உடம்போடு ஒட்ட அணைத்து, பிறகு இறக்குங்கள். பை சுமக்கும் உதவியாளர் (கேடி) இருந்தால் அவரிடம் விட்டுவிடுங்கள், இதில் கௌரவம் பார்க்கவேண்டாம்.

ஆட்டம் தொடங்கும் டீ நேரத்துக்கு 40 நிமிடம் முன்பே போய்ச் சேருங்கள். பத்து நிமிடம் வேக நடை. பிறகு கிளப்பைத் தோளுக்குக் குறுக்கே வைத்து மெதுவாக இருபுறமும் பத்துப் பத்து முறை திரும்புதல், கிளப்பைத் தடியாக ஊன்றிக் காலை முன்னும் பின்னும் வீசுதல், அரை உட்காரல் பத்து. அதன் பின் வெட்ஜால் பத்து பந்து, 7 அயர்னால் எட்டு, டிரைவரால் நான்கு. நேரம் இல்லாமல் போனால் ரேஞ்சை விடுங்கள், நடையை விடாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் அந்தப் பக்கக் குளிருக்கு முதுகை மூடும் ஒரு மேலாடையும் வேண்டும். புல்லில் பனி இருந்தால் வலது கால் வழுக்கும். வழுக்கும் காலைப் பிடித்து நிறுத்துவதும் முதுகுதான். முடிந்தால் 9 மணிக்கு மேல் நேரம் கேட்டு வாங்குங்கள். இவ்வளவும் செய்வதைவிட அது சுலபம்.

எட்டு வருடமாகப் பரணில் கிடந்த கோல்ஃப் செட்டை அப்படியே எடுத்து ஆடலாமா? முதுகுக்காக கிராஃபைட் ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) மாற்றச் சொல்கிறார்கள்.
– வாசகர், பர்கூர்

இரும்புத் தலைகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கைப்பிடி உறையான கிரிப், ஷூ இரண்டையும் பாருங்கள்.

ரப்பர் கிரிப் நம் ஊர்ப் பரண் சூட்டில் காய்ந்து கண்ணாடிபோல் பளபளக்கும். வழுக்கும் கிரிப்பை நாம் அறியாமலே இறுக்கிப் பிடிக்கிறோம். கை இறுகினால் தோள் இறுகும், தோள் இறுகினால் மேல்முதுகு திரும்பாது, மிச்சத்தைக் கீழ்முதுகு சுமக்கும். கிரிப் மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. கொக்கி வாய்க் கத்தியால் பழையதைக் கிழித்து எடுங்கள். கிராஃபைட் ஷாஃப்டாக இருந்தால் கத்தி முனை உள்ளே இறங்கவே கூடாது. நாரில் ஒரு கீறல் விழுந்தால் அங்கேதான் பிறகு ஒடியும். பழைய டேப்பைச் சுரண்டி எடுத்து, இருபுறமும் ஒட்டும் டேப்பை நீளவாக்கில் சுற்றி, நுனியில் அரை அங்குலம் மிச்சம் விட்டு ஷாஃப்டின் ஓட்டைக்குள் மடித்துவிடுங்கள். புதுக் கிரிப்பின் அடித் துளையை விரலால் அடைத்து, உள்ளே பெயின்ட் கடை டர்பன்டைனை ஊற்றிக் குலுக்கி, அதையே டேப் முழுவதும் படும்படி வழியவிடுங்கள். ஒரே தள்ளலில் கடைசி வரை ஏற்றவேண்டும். நடுவில் நின்றால் மாட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் வேண்டாம், பிசுக்கு தங்கி கிரிப் சுழன்றுகொண்டே இருக்கும். காற்றோட்டமான இடத்தில், அடுப்புப் பக்கம் இல்லாமல் செய்து, ஒரு இரவு காயவிடுங்கள்.

ஷூ வெளியே புதிதுபோல் இருக்கும். அடிப்பாகத்தில் உள்ள பாலியூரிதேன் நுரை, போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள் நொறுங்கிப்போகும். நாலாவது குழியில் அடி தனியாக வந்துவிடும். கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள், விரிசல் விட்டால் தூக்கிப்போடுங்கள்.

கிராஃபைட் பற்றி: அயர்ன்களில் ஸ்டீல் ஷாஃப்ட் 95 முதல் 130 கிராம், கிராஃபைட் 50 முதல் 80 கிராம் வரை இருக்கும். எடை குறைவு, தரையில் தவறி அடித்தால் வரும் அதிர்ச்சியும் குறைவு. நல்லதுதான், ஆனால் விலை கூடுதல், முதல் மாதத்திலேயே அவசரமில்லை. அதற்கு முன் 3, 4, 5 அயர்ன்களை எடுத்துவிட்டு இரண்டு ஹைப்ரிட் வாங்குங்கள். பந்தை மேலே எழுப்ப அவ்வளவு பலம் போடவேண்டியிருக்காது. விதி 14 கிளப் வரை அனுமதிக்கிறது, 14 இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. எட்டு போதும், பையும் எடை குறையும்.

காலையில் சூரிய நமஸ்காரம் செய்கிறேன். கோல்ஃபுக்கு அது போதாதா?
– வாசகி, ஓசூர்

டிஸ்க் பிரச்சினை இருந்தவர் எழுந்தவுடன் முன்னால் குனிந்து பாதத்தைத் தொடுவது நல்லதல்ல. காரணத்தை மேலே சொல்லியிருக்கிறோம். மாலைக்கு மாற்றுங்கள். புஜங்காசனம் டிஸ்க் வலிக்காரர்கள் பலருக்குச் சுகமாக இருக்கும். முதுகின் பின்பக்க மூட்டுகள் தேய்ந்தவருக்கும், நரம்புக் குழாய் சுருங்கியவருக்கும் அதே ஆசனம் வலியைக் கூட்டும். உங்களுக்கு எது என்று தெரியாமல் அக்கம்பக்கத்தார் செய்வதைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

கோல்ஃபுக்கென்று மூன்று போதும். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டிப் பத்து விநாடி. ஒரு பக்கத்துக்கு ஆறு தடவை. முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் உடம்பைத் தூக்கி நிறுத்துவது, முதலில் முழங்கால் தரையில் இருக்கட்டும், பத்து விநாடி வீதம் ஐந்து தடவை. மூன்றாவது மேல்முதுகுக்கு: ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் கையைப் புத்தகம் விரிப்பதுபோல் பின்னால் திறப்பது, பக்கத்துக்கு எட்டு. முழங்கால்கள் பிரிந்தால் திரும்புவது கீழ்முதுகு, அதற்காக இதைச் செய்யவில்லை.

எங்கள் மாந்தோப்பில் வலை கட்டிப் பழகலாமா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

தாராளமாக. 3 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலமுள்ள வலை. பந்துக்கும் வலைக்கும் நடுவில் மூன்று மீட்டர். வலையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள், இறுக்கிக் கட்டினால் பந்து உங்கள் மேலேயே திரும்பும். ஆபத்து இரண்டு. தாழ்ந்த கிளையில் கிளப் இடித்தால் அந்தத் திடீர் உதறல் நேராக முதுகுக்குப் போகும்; வீச்சு வட்டத்தை முதலில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். அடுத்தது தரை. மொட்டை மாடி சிமென்ட் மேல் மெல்லிய விரிப்பு போட்டு அடிப்பதைவிடத் தோப்பு மண் மேல், தடித்த தேங்காய்நார் மிதியடி இரண்டை அடுக்கி அடிப்பது எவ்வளவோ மேல். கல் மேலே துருத்தும் செம்மண்ணில் நேரடியாக அயர்னை இறக்கவேண்டாம்.

குனிந்து பந்தை எடுப்பதுதான் எனக்குப் பெரிய தொல்லை. வயது 67.
– வாசகர், கிருஷ்ணகிரி

பட்டரின் கைப்பிடி முனையில் செருகும் சின்ன ரப்பர் உறிஞ்சி கிடைக்கிறது. குழிக்குள் இருக்கும் பந்தை நின்றபடியே எடுக்கலாம். இல்லையென்றால் பட்டரை ஊன்றி, இடது காலில் நின்று, வலது காலைப் பின்னால் நீட்டியபடி குனியுங்கள். 2019 விதிகளின்படி கொடிக்கம்பைக் குழியில் விட்டுவிட்டே பட் செய்யலாம், அதை எடுத்துத் தரையில் போட்டுத் திரும்ப எடுக்கும் இரண்டு குனிதல் மிச்சம். நீளமான பட்டரும் வைத்துக்கொள்ளலாம். 2016 முதல் தடை செய்யப்பட்டது அதை நெஞ்சிலோ வயிற்றிலோ முட்டுக்கொடுத்து அடிப்பதைத்தான், பட்டரை அல்ல. தள்ளுவண்டியை இழுக்காமல் முன்னால் தள்ளுங்கள். இழுத்தால் உடம்பு ஒருபக்கம் திருகியே நடக்கும்.

டைகர் வுட்ஸ் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு மாஸ்டர்ஸ் போட்டியை ஜெயித்தாரே? எனக்கும் எல்5-எஸ்1 ஃப்யூஷன் (எலும்புகளை ஒட்டவைக்கும் ஆபரேஷன்) ஆகி நான்கு மாதம்.
– வாசகர், பாலக்கோடு

அவருக்கு ஃப்யூஷன் நடந்தது ஏப்ரல் 2017, மாஸ்டர்ஸ் ஏப்ரல் 2019. நடுவில் இரண்டு வருடம். அந்த ஃப்யூஷனுக்கு முன் 2014லிலும் 2015லிலுமாக மூன்று சின்ன ஆபரேஷன்கள் நடந்தன; அவற்றுக்குப் பிறகு ஆட வந்தும் திரும்பப் படுத்தார். அதற்குப் பின்னும் முதுகு அவரைச் சும்மா விடவில்லை, மேலும் ஆபரேஷன்கள் ஆயின.

எலும்பு ஒட்டியதை எக்ஸ்ரேயில் பார்த்து அறுவை மருத்துவர் சொல்லும்வரை முழு வீச்சு கிடையாது. பலருக்கு அது ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். டிஸ்கின் பிதுங்கலை மட்டும் எடுத்தவர்கள் இதைவிடச் சீக்கிரம் வரலாம். ஒட்டிய இடம் அசையாததால் அதற்கு மேலுள்ள டிஸ்க் கூடுதலாக உழைக்கும். இடுப்பு மூட்டைத் தளர்த்துவது உங்களுக்கு மற்றவர்களைவிட அவசியம். பட்டிங் எப்போது என்பதைக்கூட அறுவை மருத்துவரிடமே கேளுங்கள்.

பெல்ட் கட்டிக்கொண்டு, ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடலாமா?
– வாசகர், தர்மபுரி

பெல்ட், முதல் சில 9 குழி ஆட்டத்துக்குச் சரி; பழக்கமாக்காதீர்கள். மாத்திரை வேண்டாம். நிறுத்து என்று சொல்லும் ஒரே குரலை அது அடைத்துவிடும். தவிர, டைக்ளோஃபெனாக் போன்றவற்றைப் போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் வெயிலில் வியர்ப்பது சிறுநீரகத்துக்குக் கெடுதல். பிரஷர், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் மோசம்.

ஆடும்போது பிடித்துக்கொண்டால் சுளுக்கு எடுப்பவரிடம் போகலாமா?
– வாசகி, ஊத்தங்கரை

தசைப் பிடிப்புக்கு எண்ணெய் தடவி மெல்ல நீவிவிட்டால் இதமாக இருக்கும். முதுகில் ஏறி மிதிப்பது, ‘டக்’கென்று திருகுவது கூடவே கூடாது, காலுக்கு வலியோ மரமரப்போ இறங்கியிருந்தால் முக்கியமாக. பிடித்த முதல் இரண்டு நாள் படுக்கையிலேயே கிடக்காமல் வீட்டுக்குள் நடமாடுங்கள்.

சிறுநீர் வராமல் அடைத்தாலோ தெரியாமல் போனாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, தொடைகளுக்கு நடுவிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, படுத்தாலும் குறையாத இரவு வலி, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பழைய ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 14. இப்போது அதை வைத்து நண்பர்களோடு பந்தயம் ஆடினால் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்.
– வாசகர், ஓசூர்

தோற்பது பரவாயில்லை, அந்த 14ஐக் காப்பாற்ற டிரைவரை ஓங்குவதுதான் கவலை. 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் கடைசி 20 ஸ்கோரில் சிறந்த 8இன் சராசரியை எடுக்கிறார்கள். புதிதாகத் தொடங்க 54 குழி ஸ்கோர் போதும், 9 குழி அட்டைகளும் கணக்கில் சேரும். உங்கள் கிளப்பில் கேட்டுப் புது ஸ்கோர்களைப் பதியுங்கள். அதுவரை குழிக்குக் குழி புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் ஆடுங்கள். ஒரு குழி கெட்டுப்போனால் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த டீக்கு நடக்கலாம், மணல் பள்ளமான பங்கருக்குள் நின்று ஏழாவது தடவை வெட்டவேண்டியதில்லை.